ஹீலியோட்ரோப்பும் தேள்கொடுக்கும்

(பள்ளித் தோட்டக் கழக மாணவியர்)

மலர்களை விரும்பாதார் யார்? மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி இவற்றை நம் சைதாப்பேட்டையில் அறியாத குழந்தையும் இல்லை. பஜார் ரோட்டில் பொழுது விடியுமுன்பே முழம் போட்டு விற்கிறார்கள். ஆனால் ‘ஹீலியோட்ரோப்’ என்றொரு பூ உண்டென்று ஓராண்டுக்கு முன் யாரேனும் எங்களிடம் சொல்லியிருந்தால், அது ஏதோ இருமல் மருந்தின் பெயர் என்றே எண்ணியிருப்போம். அந்தப் பூவை நம் பள்ளித் தோட்டத்தில் வளர்க்க நாங்கள் பட்ட பாட்டையும், அந்தப் பாட்டில் நாங்கள் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். முழுவதும் வெற்றிக் கதை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகள் உதகையில் பணிபுரிந்து, இப்போது நம் கன்னியர் மடத்தில் ஓய்வில் இருக்கும் மூத்த சிஸ்டர் ஒருவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. மாலை வேளைகளில் நாங்கள் முறைவைத்து அவருக்குச் செய்தித்தாள் வாசிப்பது வழக்கம். ஒருநாள் தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் ரோஜாக்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, “ரோஜாவைக் கண்ணால பார்க்கணும், கண்ணுங்களா. எனக்கு இப்போ வாசனை உள்ள பூதான் பூ. ஊட்டியில எங்க ஜன்னலுக்குக் கீழே ஹீலியோட்ரோப் புதர் ஒன்னு இருந்துச்சு. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தா, அடுப்புல கேக் வேகிற மாதிரி வாசம் வரும்” என்றார்.

அதைக் கேட்ட பிறகு எங்களுக்கு வேறு எந்தச் செடியிலும் மனம் செல்லவில்லை. கழகப் பொறுப்பாசிரியையான சிஸ்டர் காலாண்டு விடுமுறையில் உதகை சென்றபோது, அங்கிருந்து பன்னிரண்டு தண்டுத் துண்டுகளை ஈரப் பாசியில் பொதிந்து, வாழைமட்டையில் சுற்றி, நீலகிரி எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். துண்டு ஒவ்வொன்றும் நான்கு அங்குல நீளம். கருநிறம் கலந்த பச்சை இலைகள். சுருக்கம் விழுந்து, தடவினால் சொரசொரவென்று மெல்லிய மயிர் தட்டுப்படும். பார்வைக்கு அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.

இச்செடியின் தாயகம் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுப் பகுதி. 1735-ஆம் ஆண்டு, பூமியின் வடிவத்தை அளந்தறிய அக்கண்டத்துக்குப் புறப்பட்ட பிரெஞ்சு அறிஞர் குழுவில் ஜோசப் தெ ஜுஸ்ஸியு என்ற தாவர அறிஞர் இருந்தார். அவர் அனுப்பிய விதைகளின் வழியாகவே பாரிஸ் நகரத்து அரசத் தோட்டத்திற்கு இப்பூ வந்து சேர்ந்தது. பின்பு ஐரோப்பா முழுவதும் பரவி, ஆங்கிலேயரோடு நம் மலை நகரங்களுக்கும் ஏறிவந்தது. உதகையின் தாவரவியல் பூங்காவை 1848 முதல் மக்ஐவர் என்பவர் அமைக்கத் தொடங்கினார் என்று படித்திருக்கிறோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம்; கோடையிலும் வெயில் 25 பாகை செல்சியஸை அரிதாகவே தாண்டும். அங்கே இது ஆண்டுக்கணக்கில் நின்று புதராகும். நம் ஊரோ கடல் மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்தது. 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 பாகை பதிவானது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் நாங்கள் சற்று யோசித்திருப்போம். எழுதிப் பார்த்தது பின்னால்தான்.

ஆயினும் வெளியூர்ச் செடிகளை வைத்துப் பார்ப்பது சைதாப்பேட்டைக்குப் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காக இங்கே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். செடி வந்தது, நல்ல சாயம் தரும் பூச்சிதான் வாய்க்கவில்லை. கோயம்புத்தூரில் இன்று பெரும் பல்கலைக்கழகமாக விளங்கும் வேளாண்மைக் கல்வியின் மூலமும் 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளியே. 1906-ல்தான் அது கோவைக்குப் பெயர்ந்தது. ஆகவே தொட்டியும் மண்ணும் எடுத்துக்கொண்டு முயன்று பார்ப்பது நம் ஊர் வழக்கந்தான் என்று எங்களைத் தேற்றிக்கொண்டோம்.

இனி வளர்க்கும் முறையைச் சொல்கிறோம். வீட்டில் முயல விரும்பும் தோழியரும் பெற்றோரும் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

தண்டுத் துண்டில் பூமொட்டு இருக்கலாகாது. கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் நறுக்கி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். கழுவிய ஆற்று மணலில் ஊன்றி, ஈரமாக்கி, மேலே ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து வைத்தால் ஈரம் காக்கப்படும். எங்களிடம் ஊறுகாய் ஜாடிகள்தாம் கிடைத்தன. நன்றாகக் கழுவியும் முதல் வாரம் மாங்காய் வாசம் போகவில்லை. நாள்தோறும் ஒரு முறை ஜாடியை எடுத்துக் காற்றுப் படவிட வேண்டும். நேர் வெயில் கூடாது. மூன்று நான்கு வாரங்களில் வேர் விடும். துண்டை மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிப்புத் தெரியும். பார்க்கிற ஆசையில் தினமும் இழுத்தால் வேர் எப்படிப் பிடிக்கும்? எங்களில் இருவர் அப்படிச் செய்தனர். பெயர் சொல்லவில்லை. பன்னிரண்டில் ஏழு பிழைத்தன.

வேர் விட்டதும் எட்டு அங்குல மண்தொட்டிக்கு மாற்றினோம். செம்மண், மணல், மக்கிய தொழுஎரு மூன்றும் சம அளவு. அதனுடன் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தொட்டியின் அடித்துளை மேல் உடைந்த ஓட்டுச் சில்லை வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆறேழு இலைகள் விட்டதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராது. கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் விட்டுச் செடி குட்டையாகவும் அடர்ந்தும் வரும். கிள்ளாமல் விட்ட ஒரு செடி ஒற்றைக்கோலாய் வளர்ந்து, ஒரே ஒரு பூங்கொத்தோடு நின்றது.

மழைக்காலத்தில்தான் முதல் இடி விழுந்தது. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தொட்டிகளை மாதா கெபியின் அருகே வெட்டவெளியில் வைத்திருந்தோம். அக்டோபர் இறுதியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் இரண்டு செடிகளின் வேர் அழுகிவிட்டது. இலை வாடியதைக் கண்டு, தாகம் என்று நினைத்து, மேலும் தண்ணீர் ஊற்றினோம்! செடி வாடினால் உடனே பூவாளியை எடுக்காதீர்கள். விரலை மண்ணில் இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. எஞ்சிய ஐந்து தொட்டிகளையும் கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைக்கும், மழை படாது, பதினொரு மணிக்கு மேல் நிழல். அந்த இடந்தான் ஒத்துக்கொண்டது.

தண்ணீரைக் காலையில் மண்ணிலேயே ஊற்ற வேண்டும். மயிர் நிறைந்த இலை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மேலே தெளித்தால் கரும்புள்ளி விழுகிறது. மொட்டுக் கட்டியபின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கின் தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து விட்டோம். வெள்ளை ஈக்களும் அசுவினியும் இலையின் அடிப்பக்கம் வந்து ஒட்டும். ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்ததில் குறைந்தன. முதிர்ந்த கொத்துகளை உடனுக்குடன் கத்தரித்தால் அடுத்த கொத்து விரைவில் வரும்.

ஜனவரி மூன்றாம் வாரம் முதற்பூ மலர்ந்தது. கத்தரிப்பூ நிறம், ஒவ்வொரு பூவும் மிளகளவு, நெருங்கிய கொத்து. மணத்தைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம். ஒருத்தி வனிலா ஐஸ்கிரீம் என்றாள். ஒருத்தி பாதாம் பால் என்றாள். ஆங்கிலேயர் இதற்கு ‘செர்ரி பை’ என்றே செல்லப் பெயர் வைத்திருந்தார்களாம். மணப்பொருள் செய்வோர் இதன் பெயரால் ‘ஹீலியோட்ரோபின்’ என்ற வேதிப்பொருளை வழங்குகிறார்கள். பெரும்பாலும் அது ஆலையில் தயாராவது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு மூத்த சிஸ்டரின் அறைக்குச் சென்றோம். அவர் முகத்தருகே கொண்டுபோகுமுன்பே, வாசலிலேயே, “யார் கேக் சுடுறது?” என்று கேட்டார். அதன்பின் அத்தொட்டி பகலில் தாழ்வாரத்திலும் மாலையில் அவர் ஜன்னலிலும் இருந்தது. தூக்கிச் செல்லும் பணிக்கு நாங்கள் முறைப்பட்டியல் போட வேண்டியதாயிற்று.

பெயரைப் பற்றி ஒரு சொல். கிரேக்க மொழியில் ‘ஹீலியோஸ்’ என்றால் கதிரவன்; ‘ட்ரோப்பே’ என்றால் திரும்புதல். கதிரவனையே பார்த்திருந்து பூவாய் மாறிய கிளைட்டி என்ற பெண்ணின் கதை அந்நாட்டில் வழங்கியது. அவள் மாறிய பூ பெருவிலிருந்து வந்த இந்தப் பூவாக இருக்க முடியாது. இது ஐரோப்பாவுக்கு வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். இதே பெயரில் ஒரு கருவியும் உண்டு. சூரிய ஒளியைக் கண்ணாடியால் தொலைவுக்குத் திருப்பும் அதனைக் கணிதமேதை காஸ் 1821-ல் அமைத்தார். 1802-ல் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியப் பெரு நில அளவையில் பின்னாளில் அதுவும் பயன்பட்டது.

பூ உண்மையிலேயே கதிரவன் பக்கம் திரும்புகிறதா என்று சோதித்தோம். தொட்டியை அசையாமல் வைத்து, தரையில் சுண்ணக்கட்டியால் திசைகளைக் குறித்து, காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய மூன்று வேளையும் ஆறு நாட்கள் கொத்தின் முகத்தைப் பார்த்தோம். திரும்பவே இல்லை! இளம் சூரியகாந்தி மொட்டு திரும்பும். முற்றிய சூரியகாந்தியும் கிழக்கு நோக்கி நின்றுவிடும் என்று தாவரவியல் டீச்சர் விளக்கினார். அப்போது தமிழாசிரியை ஒன்று சொன்னார்: கதிரவனை எதிர்கொள்ளும் மலராக நம் முன்னோர் பாடியது நெருஞ்சியைத்தான், புறநானூற்றின் 155-ஆம் பாட்டில் அது உவமையாக வருகிறது. பெருவின் பூவுக்குக் கிரேக்கப் பெயர் வைத்தவர்கள் தமிழறிந்திருந்தால், விளையாட்டு மைதானத்தில் நம் காலில் குத்துகிற நெருஞ்சிக்கு அப்பெயர் போயிருக்கும். அதையும் சுண்ணக்கட்டியோடு சோதிக்க எண்ணியிருக்கிறோம்.

இப்போது நவம்பர் மாதத்துக்குத் திரும்ப வேண்டும். இக்கட்டுரையில் நாங்கள் மிகவும் சொல்ல விரும்பியது அம்மாதத்தில் நடந்ததுதான்.

மழை விட்ட இடைவெளியில் பின்புறத் தோட்டமெங்கும் ஒரு களை மண்டிவிட்டது. குழாயடி, சுவரோரம், எங்கள் செடி அழுகிய அந்த இரண்டு வெறுந்தொட்டிகள், எல்லா இடத்திலும் அதுதான். முழங்கால் உயரம், சுருக்கம் விழுந்த இலை, நுனியில் தேளின் வால்போல் சுருண்ட காம்பு, அதன் முதுகில் இரண்டு வரிசையாக வெளிர்நீலம் கலந்த வெண்ணிறப் பொடிப் பூக்கள். “தேள்கொடுக்கு, பாப்பா. அந்தப் பெரிய வெள்ளம் வந்து போனப்புறம் எங்க பார்த்தாலும் இதுதான் முளைக்குது” என்றார் தோட்டக்காரத் தாத்தா. அவர் குறித்தது 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்த வெள்ளத்தை. குழந்தைகள் தின விழாவுக்கு விருந்தினர் வருவார்களென்று, அவரும் நாங்களுமாக அதைக் களைக்கொத்தால் கொத்தி, வேரோடு பிடுங்கி, எருக்குழியருகே குவித்தோம். அப்போது நல்ல வேலை செய்தோம் என்றே நினைத்தோம்.

விழா முடிந்த மறுநாள் காலை, எருக்குழியருகே சென்ற ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கூவிக்கொண்டு ஓடிவந்தாள். போய்ப் பார்த்தால், வாடிக் காய்ந்த அந்தக் குவியல் முழுவதும் வண்ணத்துப்பூச்சிகள்! கருஞ்சிறகில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும் கொண்டவை. பழுப்புச் சிறகில் வெண்புள்ளி கொண்டவை. செம்மஞ்சள் நிறத்தில் கறுப்பு ஓரமிட்டவை. அருகே செம்பருத்தியும் இட்லிப்பூவும் மலர்ந்திருந்தும் அங்கே ஒன்றுகூடப் போகவில்லை. காய்ந்த தண்டிலும் கருகிய இலையிலும் உறிஞ்சு குழலை நீட்டி அமர்ந்திருந்தன. விரலால் தொடும் தூரத்துக்குப் போனாலும் எழுந்து பறக்கவில்லை. அன்று எண்ணியதில் நாற்பத்தொன்று.

தேனில்லாத சருகில் என்ன கிடைக்கிறது? தாவரவியல் டீச்சரும் நாங்களும் நூலகத்தில் தேடித் தெரிந்துகொண்டோம். தேள்கொடுக்கில் பைரோலிஸிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுப் பொருள் உண்டு. நீல வரியன், வெந்தய வரியன், கருப்பன் முதலிய வண்ணத்துப்பூச்சிகள் தம் வாய்நீரைச் சருகின்மேல் விட்டு, அந்நஞ்சைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கின்றன. உடலில் அது சேர்ந்திருப்பதால் பறவைகள் இவற்றைத் தின்னத் தயங்கும். அதைக் கொண்டே ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளைக் கவரும் மணப்பொருளையும் செய்துகொள்கின்றன. ஆகவே வந்து மொய்ப்பவை பெரும்பாலும் ஆண்களே. நீல வரியனின் ஆணுக்குப் பின்சிறகில் சிறு பைபோன்ற மடிப்பு இருக்கும். அமர்ந்திருக்கும்போது உற்றுப் பார்த்தால் தெரியும். நாங்கள் பார்க்க முடிந்த பதினெட்டில் பதினேழுக்கு அந்த மடிப்பு இருந்தது. மற்றொன்று பறந்துவிட்டது.

வெந்தய வரியன் புழுப் பருவத்தில் எருக்கிலையை உண்டு வளர்வது. எருக்கும் களை, தேள்கொடுக்கும் களை. இரண்டையும் துப்புரவாகப் பிடுங்கிவிட்டு, ‘முன்போல வண்ணத்துப்பூச்சிகள் வருவதில்லையே’ என்று கட்டுரைப் போட்டியில் வருந்தி எழுதி நாங்கள் பரிசும் வாங்கியிருக்கிறோம்!

இதில் இன்னொரு வியப்பு. தேள்கொடுக்கு நம் மலைச்செடிக்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் குலப்பெயர் ஹீலியோட்ரோப்பியம் என்பதே. உதகைச் செடியின் கொத்தை நுனியிலிருந்து பிரித்துப் பார்த்தால், அதுவும் பல சிறு தேள்வால்கள் நெருங்கியமைந்ததுதான். சைமோஸ் மஞ்சரி என்று பாடத்தில் படிக்கிறோமே, அதில் ஒரு வகை. அடிப்பூ முதலில் மலரும். மலர மலரச் சுருள் அவிழும். தேள்கொடுக்குக்கு 1753-ல் லின்னேயஸ் ‘இந்தியாவினது’ என்ற பொருள் தரும் ‘இண்டிகம்’ என்ற பெயரைச் சூட்டினார். ஆனால் அதுவும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்ததே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இதே குலத்தைச் சேர்ந்த இன்னொரு செடி, தடித்த வழவழப்பான இலையோடு, கடற்கரை உப்பு மண்ணில் படர்கிறது.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். களையைக் காப்பதென்று முடிவானதும், உற்சாகத்தில் ஒரு பலகை எழுதி நட்டோம். ‘தேள்கொடுக்கு: சிறந்த மூலிகை. இலைச்சாறு பல நோய் தீர்க்கும்’ என்று எங்கோ படித்ததை அப்படியே எழுதிவிட்டோம். பொறுப்பாசிரியை பார்த்துவிட்டு, “பூச்சியைப் பறவை தின்னாமல் காக்கிற நஞ்சு என்று நேற்று எனக்குப் பாடம் சொன்னது நீங்கள்தானே? மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதைப் படித்துவிட்டு ஓர் இலையை மென்றால்?” என்று கேட்டார். எங்களுக்குப் பேச்சே எழவில்லை. நாட்டு மருத்துவத்தில் தேள்கடிக்கும் புண்ணுக்கும் இவ்விலையை அரைத்து வெளிப்பூச்சாகப் பயன்படுத்தி வந்தது உண்மை. தேள்வால் போன்ற பூவைக் கண்டு தேள்கடிக்கு மருந்தென்று கொண்டார்கள் போலும். ஆனால் உள்ளே சென்றால் இந்த ஆல்கலாய்டு கல்லீரலைக் கெடுக்கும். 1970-களில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில், கோதுமை வயலில் களையாய் வளர்ந்த ஹீலியோட்ரோப் இனச் செடியின் விதை மாவோடு கலந்ததால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கல்லீரல் நோயுற்றனர், பலர் மாண்டனர். அதே ஆண்டுகளில் நம் நாட்டிலும், இன்று சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா மாவட்டத்தில், இதே வகை நஞ்சுள்ள கிலுகிலுப்பை இனத்தின் விதை சாமையில் கலந்து இப்படி ஒரு துன்பம் நேர்ந்தது.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பாட்டி சொன்னார் என்றோ பத்திரிகையில் வந்தது என்றோ இவ்விலையைக் கஷாயமாகக் குடிக்கவோ குழந்தைக்குக் கொடுக்கவோ வேண்டாம். தேள் கொட்டினால், சின்னக் குழந்தைக்குச் சிறப்பாக, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆடு மாடு வைத்திருப்போர் தீவனத்தில் இது கலவாமல் பார்க்க வேண்டும். உதகைச் செடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் பூவை முகரலாம், வாயில் வைக்கலாகாது. செடியைக் கையாண்டபின் கையைக் கழுவிக்கொள்வது நல்லது. பழைய பலகையைப் பிடுங்கி, ‘வண்ணத்துப்பூச்சிகளுக்கு மட்டும். தின்னாதே!’ என்று புதிய பலகை வைத்தோம். சிறுவர் விளையாடும் பக்கத்தில் முளைப்பதைப் பிடுங்கிவிடுகிறோம். பின்சுவரோரம், கம்பிவேலிக்கு அப்பால், பத்தடி நீளத்துக்குத் தேள்கொடுக்கை விட்டுவைத்திருக்கிறோம். அதற்கு வளர்ப்பு முறை என்று எழுத ஒன்றுமில்லை. ஈரம் இருந்தால் போதும், வரும். முற்றியதில் சிலவற்றை மாதம் ஒரு முறை பிடுங்கி வேலியிலேயே காயத் தொங்கவிடுகிறோம்.

மார்ச் பிறந்ததும் தாழ்வாரத்துச் செடிகள் தளர்ந்தன. இலையின் ஓரம் கருகியது, புதுக்கொத்து வரவில்லை. கீற்றுப் பந்தல் போட்டோம். தொட்டிகளை மணல் நிரப்பிய பெரிய தொட்டிக்குள் இறக்கி மணலை நனைத்தோம். ஒரு நாளைக்கு இரு வேளை நீர் விட்டோம். ஏப்ரல் இறுதியில் மூன்று போயின. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய முதல் வாரத்திலேயே மற்ற இரண்டும் போயின. மலையில் ஆண்டுக்கணக்கில் வாழும் செடி, சைதாப்பேட்டையில் நவம்பர் முதல் மார்ச் வரை வாழும் ஓராண்டுச் செடியே என்று இப்போது தெளிந்துவிட்டோம். முன்பே தெளிந்திருந்தால் பிப்ரவரியில் இளந்தண்டுகளை நறுக்கி, மலைக்குச் செல்வோர் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாம்.

மூத்த சிஸ்டரிடம் இதைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. நான்கு நாட்கள் வெறுங்கையோடு செய்தித்தாளை மட்டும் எடுத்துச் சென்றோம். ஐந்தாம் நாள் அவரே, “செடி போயிடுச்சா?” என்றார். தலையாட்டினோம்; பிறகுதான் அவர் கண்ணுக்கு அது தெரியாதென்று நினைவு வந்து, “ஆமாம், சிஸ்டர்” என்றோம். “மே மாசம் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். சொன்னா நீங்க வைக்கவே மாட்டீங்களேன்னு சொல்லலை” என்றார்.

அன்று ஒருத்தி, வேலியோரத்திலிருந்து தேள்கொடுக்கின் சுருள் ஒன்றைக் கிள்ளிச் சென்றிருந்தாள். அதை அவர் உள்ளங்கையில் வைத்தோம். முகர்ந்து பார்த்தார், மணம் இல்லை. பின்பு விரல் நுனியால் அடியிலிருந்து சுருளின் முனை வரை மெதுவாகத் தடவிச் சென்று, மறுபடியும் அடிக்கே வந்து, “இது அதே சுருள்தானே!” என்றார். கண்ணுள்ள நாங்கள் இதைக் கண்டுகொள்ள நூலகமும் டீச்சரும் வேண்டியிருந்தது. வண்ணத்துப்பூச்சிகளின் கதையை முழுவதும் கேட்டபின், அன்றைய எண்ணிக்கை என்ன என்று கேட்டார். அதுமுதல் செய்தித்தாளுக்கு முன் அந்த எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆண்டு காலாண்டு விடுமுறைக்குப் பின் உதகையிலிருந்து மீண்டும் எட்டுத் துண்டுகள் வர இருக்கின்றன. தொட்டிகளைச் சுண்ணாம்பு நீரில் கழுவிக் காயவைத்தாயிற்று. ஊறுகாய் ஜாடிகள் இன்னும் நான்கு தேவைப்படுகின்றன. வீட்டில் இருந்தால், தோழியரே, கொண்டுவந்து கொடுங்கள். எலுமிச்சை ஊறுகாய் ஜாடியானாலும் பரவாயில்லை.